ஆடாமல் கிடைத்த 12 கேம்

2019 விம்பிள்டன் இறுதியாட்டத்தில் ஃபெடரர் எடுத்தது 218 புள்ளிகள், ஜோக்கோவிச் 204. கிண்ணம் ஜோக்கோவிச்சுக்கே. அதை அநியாயம் என்று சொல்லமாட்டேன். விதி இருவருக்கும் ஒன்றுதான்.

எங்கள் வாரயிறுதி இரட்டையர் லீக்கில் நடந்ததுதான் உறுத்துகிறது. நாங்களும் இன்னொரு ஜோடியும் தலா 3 வெற்றி. நேரில் மோதியபோது வென்றது நாங்கள். ஆனால், கேம் வித்தியாசத்தில் அவர்கள் அரையிறுதிக்குப் போனார்கள். எதிரணி வராததால் அவர்களுக்கு 6-0, 6-0 என்று எழுதிவிட்டார்கள். அதே அணியை நாங்கள் கொளுத்தும் வெயிலில் 7-5, 6-4 என வென்றிருந்தோம். எங்களுக்கு மிச்சம் 4 கேம்; பந்தையே தொடாதவர்களுக்கு 12!

கோபத்தோடு ஏற்பாட்டாளரிடம் போனேன்.

"போன வருஷம் உங்களுக்கும் வாக்ஓவர் வந்துச்சே, அண்ணே?" என்றார்.

வாயடைத்துப் போனேன். அன்று நான் முறையிடவில்லை. தே தாரேக் குடித்துவிட்டு வீடு திரும்பினேன்.

ஆண்டிறுதி ஏடிபி போட்டியில், வெற்றியிலும் ஆடிய ஆட்டங்களிலும் இருவர் சமமானால், அவர்கள் நேரில் மோதியதன் முடிவே தீர்ப்பு. அந்த விதியை அடுத்த பருவத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒருநாள் அது எங்களையே வெளியேற்றலாம். பரவாயில்லை, பந்தடித்துத் தோற்றிருப்போம்.