காலண்டரில் ஒரு வட்டம்

என் ஓரகத்தி மூன்று தடவை குரூப்-4 தேர்வு எழுதிவிட்டாள், வேலை கிடைக்கவில்லை. கல்யாணம், காதுகுத்து என்று எங்கே போனாலும், "என்னம்மா, பாஸா?" என்பதுதான் முதல் கேள்வி. நம்ம பெண்களே இப்படிக் கேட்பதுதான் எனக்கு ஆத்திரம்.

லட்சக்கணக்கான பேர் எழுதுகிறார்கள். இருப்பதோ சில ஆயிரம் இடம். 200 கேள்வி, அதில் தமிழுக்கு மட்டும் 100. மாவாட்டி, மாமியாருக்கு மருந்து கொடுத்து, பிள்ளைகள் தூங்கின பிறகு ஆறாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து ஆரம்பிக்கிறாளே, அதை ஒருத்தராவது விசாரித்ததுண்டா?

கடைசி ரிசல்ட் வந்த அன்று, புத்தகங்களைப் பழைய பேப்பர்காரருக்குப் போடக் கட்டி வைத்துவிட்டாள். நான்தான் கட்டை அவிழ்த்தேன். பால் கணக்கு எழுதும் காலண்டரிலேயே, படித்த நாளுக்கு ஒரு வட்டம் போடச் சொன்னேன். பத்து நிமிஷம் படித்தாலும் வட்டம் உண்டு. மார்க் பற்றி வீட்டில் யாரும் கேட்கக் கூடாது. காய்ச்சல், விருந்தாளி என்று விட்டுப்போனால் போகட்டும், மறுநாள் போட்டுக்கொள்ளலாம். போன மாதம் 19 வட்டம். எண்ணிச் சொன்னது அவள் சின்ன மகன்!

வேலை கிடைக்குமோ, கிடைக்காதோ. இப்போது வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேருக்கும் தனிவட்டி, மீ.பொ.ம. எல்லாம் அவள்தான் சொல்லித் தருகிறாள். டியூஷனை நிறுத்திவிட்டோம்.

- ஒரு வாசகி, மணப்பாறை