பூனைக்கு எங்கே மண் இருக்கிறது?

மாடியில் எட்டு குரோ பேக்குகளில் அரைக்கீரை விதைத்திருந்தேன். நான்காம் நாள் காலையில் முளை கண்ணுக்குத் தெரிந்தது. பச்சை நூலை நறுக்கித் தூவியதுபோல் இருந்தது. மறுநாள் போய்ப் பார்த்தால் மூன்று பைகளில் முளையே இல்லை. நடுவில் ஒரு குழி, அதன்மேல் நாலாபுறமிருந்தும் மண்ணைச் சுரண்டி இழுத்து மூடிய தடம். என்னவென்று விரலை விட்டுக் கிளறியபிறகுதான் நாற்றம் வந்தது. அன்றைக்குக் கையை எத்தனை முறை சோப்பு போட்டுக் கழுவினாலும் சோற்றைப் பிசைய மனம் வரவில்லை.

சென்னையில் மாடித்தோட்டம் போட்டிருக்கும் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் இதே கதைதான். மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய் இருக்கிறது, எலிக்குப் பொறி இருக்கிறது, பூனைக்கு என்ன செய்வது என்று கேட்பார்கள். வாசலில் நாலு ரோஜாச் செடி வைத்திருப்பவருக்கும் அதே தொல்லை. இந்தக் கோபம் நியாயமானது. மாடிப்படியில் மண் மூட்டை சுமந்து, வெயிலில் நின்று வளர்த்த கீரை ஒரே இரவில் கக்கூஸாகிவிட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்?

ஆனால் அந்தக் கோபத்தில் மனிதர்கள் செய்கிற காரியத்தைப் பார்த்தபிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். போன ஆண்டு எங்கள் தெருவில் யாரோ மீன் தலையில் எலி மருந்தைத் தடவி வைத்துவிட்டார்கள். தாய்ப்பூனை தப்பித்துக்கொண்டது. இரண்டு குட்டிகள், நிறுத்தியிருந்த காருக்கு அடியில், வாயில் நுரையோடு கிடந்தன. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள்தான் முதலில் பார்த்தார்கள். இது பாவம் மட்டுமில்லை, குற்றமும்கூட. 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் ஒருபுறம் இருக்க, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆவது பிரிவு, விலங்குக்கு விஷம் வைப்பவருக்கு ஐந்தாண்டுவரை சிறை என்கிறது. அந்தக் கொடுமையைச் செய்தும் யாருடைய கீரையும் பிழைக்கவில்லை. இடம் காலியானதும் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு கடுவன் வந்து குடியேறியது. சோறும் ஒதுங்க இடமும் இருக்கும்வரை ஒன்று போனால் இன்னொன்று வரத்தான் செய்யும்.

விஷம் வைக்க மனம் வராதவர்கள் பினாயில் ஊற்றுகிறார்கள், அந்துருண்டையை உடைத்துப் போடுகிறார்கள். இதுவும் ஏறக்குறைய விஷம்தான் என்பது பலருக்குத் தெரியாது. பினாயில் போன்றவற்றில் உள்ள ஃபீனால் வகைப் பொருள்களை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. காலில் ஒட்டியதை நக்கியே உடம்பைச் சுத்தம் செய்யும் பிராணி அது. பாதத்தில் பட்ட பினாயில் நேராக வயிற்றுக்குப் போகிறது. நமக்குக் காய்ச்சல் தணிக்கும் ஒரு பாராசிட்டமால் மாத்திரைகூடப் பூனையைக் கொன்றுவிடும். நீல நிறத் தண்ணீர் பாட்டிலை வாசலில் கட்டித் தொங்கவிடுகிறார்களே, அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை, பலனும் இல்லை. எங்கள் எதிர்வீட்டு வாசலில் அந்த பாட்டிலின் நிழலிலேயே பூனை படுத்திருக்கும்.

பூனை ஏன் நம் பைக்கு வருகிறது? இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டால் பாதி வழி திறந்துவிடும். வீட்டுப் பூனையின் மூதாதை மேற்காசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் வறண்ட நிலத்தில் திரிந்த காட்டுப்பூனை. மனிதனோடு அது சேர்ந்தது நேற்றல்ல. சைப்ரஸ் தீவில், ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய புதைகுழி ஒன்றில், மனிதன் பக்கத்திலேயே பூனையையும் புதைத்திருந்தார்கள். அந்த வறண்ட நிலத்துப் பழக்கம் இன்றும் அதன் காலில் இருக்கிறது. தோண்ட எளிதான, காய்ந்த, பொலபொலவென்ற மண்ணைத் தேடிப் போய்க் குழி பறித்து, வேலை முடிந்ததும் மூடிவைக்கும்.

இப்போது நம் தெருவைப் பாருங்கள். வாசலுக்கு சிமென்ட், காரை நிறுத்த டைல்ஸ், சாலை ஓரம்வரை பேவர் பிளாக். கொல்லைப்புறம் என்ற சொல்லே வழக்கொழிந்துவிட்டது. ஒரு பிடி மண் கிடைக்காத தெருவில், மாடியில் நாம் வைத்திருக்கும் பைதான் பூனைக்குத் தெரிகிற ஒரே நிலம். அதிலும் தோட்டக்கலைத் துறை தரும் மாடித்தோட்டத் தளையில் (கிட்) வருகிற தேங்காய் நார்க்கழிவு இருக்கிறதே, லேசாக, உதிரியாக, காலால் சுரண்டினால் பறக்கும். பூனைக்கு இதைவிட நல்ல இடம் அமையாது.

போதாததற்கு நாமே விருந்துக்கும் அழைக்கிறோம். மீனையும் வெல்லத்தையும் ஊறவைத்துச் செய்யும் மீன் அமிலத்தைத் தெளித்த அன்று இரவு பூனை வராமல் இருந்து நான் பார்த்ததில்லை. குப்பைமேனி இன்னொன்று. அதற்குப் பூனைவணங்கி என்றே ஒரு பெயர் உண்டு. அதன் வேரின் வாசம் பட்டால் பூனை உருண்டு புரண்டு மயங்கிக் கிடக்கும். களை எடுக்கும்போது குப்பைமேனியை வேரோடு பிடுங்கி, பை ஓரத்திலேயே போட்டுவிட்டு இறங்கி வந்தவள் நான். நம் முன்னோர் பெயரிலேயே சொல்லிவைத்ததைக் கவனிக்கவில்லை.

பூனை மலத்தை அருவருப்பு என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. டாக்ஸோபிளாஸ்மா கோண்டி என்ற ஒட்டுண்ணி பூனைக் குடும்பத்தின் குடலில்தான் முழு வளர்ச்சி பெறுகிறது. 1908-இல் கண்டறியப்பட்ட கிருமி, பூனையின் மலம் வழியாகப் பரவுகிறது என்பது 1970 வாக்கில்தான் தெளிவானது. கர்ப்பிணிக்குப் புதிதாகத் தொற்றினால் வயிற்றுப் பிள்ளையின் கண்ணையும் மூளையையும் பாதிக்கக்கூடும். எல்லாப் பூனையும் எப்போதும் இதைப் பரப்புவதில்லை. முதல்முறை தொற்றிய பிறகு ஒன்றிரண்டு வாரங்கள்தான் பெரும்பாலும் வெளியேற்றும். ஆனால் ஈர மண்ணில் அது மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே கர்ப்பமாக இருப்பவர்கள் மண்வேலையை வேறொருவரிடம் விடுங்கள், அல்லது கையுறை போடுங்கள். கீரையைக் கடைந்து உண்பதால் கவலை குறைவு, நன்றாக வெந்துவிடுகிறது. பச்சையாக அரைக்கும் புதினா, கொத்தமல்லிச் சட்னியில்தான் கவனம் வேண்டும். அசுத்தமான பையில் விளைந்ததைப் பச்சையாகத் தொடாதீர்கள். மாட்டுச் சாணம் உரம்தானே, பூனை மலமும் ஆகட்டும் என்று வீட்டு உரத் தொட்டியில் போடவும் வேண்டாம். நம் தொட்டியின் சூடு இந்தக் கிருமியைக் கொல்லப் போதாது.

சரி, எது பலித்தது? எனக்குப் பலித்தது ஈர்க்குச்சி. தேய்ந்த விளக்குமாற்றைப் பிரித்து, ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, விதைத்த பையில் நாலு விரல் இடைவெளியில் நட்டுவைத்தேன். பூனை உட்காரவும் திரும்பவும் இடம் இல்லை. ஏறிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனது. முளை விட்டுக் கீரை அடர்ந்தபிறகு குச்சியே தேவையில்லை, மண்ணே வெளியில் தெரியாது. கத்தரி, மிளகாய் போன்ற தனிச் செடிகளுக்குக் கோழிவலையை வட்டமாக வெட்டி, தண்டுக்கு வழிவிட்டு, மண்மேல் படுக்கப்போட்டால் போதும். கொட்டாங்கச்சித் துண்டுகளைப் பரப்பினாலும் சரிதான், வெயிலில் ஈரமும் காக்கும். இன்னொரு சின்ன மாற்றம்: காலையில் மட்டும் தண்ணீர் விடுபவர்கள் மாலையிலும் கொஞ்சம் தெளியுங்கள். பூனை வருவது இரவில். நனைந்த மண் அதற்குப் பிடிக்காது.

கடுவன் பின்பக்கம் திரும்பி நின்று சுவரிலும் பையிலும் பீய்ச்சிவிட்டுப் போவது வேறு சங்கதி. அது எல்லை குறிப்பது. சோப்புத் தண்ணீரால் நன்றாகக் கழுவுங்கள், வெயில் படட்டும். பிளீச்சிங் பவுடர் மட்டும் வேண்டாம். மூத்திரத்தில் உள்ள அம்மோனியாவோடு சேர்ந்தால் மூச்சை அடைக்கும் வாயு கிளம்பும்.

இத்தனையும் செய்து என் பைகளைக் காப்பாற்றிக்கொண்டேன். பூனை அடுத்த மாடிக்குப் போனது. இதுதான் எனக்கு உறுத்தியது. அடைத்தால் அது வேறிடம் தேடுமே தவிர, போகாமல் இருக்குமா?

எங்கள் தெருவில் பூனைகளுக்குச் சோறு வைப்பவர் அடுத்த வீட்டு அக்கா. ஐந்து பூனைகள், இரண்டு வேளை. நேரில் போய்ச் சொன்னேன்.

"அக்கா, உங்க பூனைங்க எங்க மாடியில அசிங்கம் பண்ணுதுக்கா."

"என் பூனை இல்லம்மா, தெருப் பூனை. பசியில கத்துதேன்னு ஒரு பிடி வைக்கிறேன். அதுவும் தப்பா?"

"சோறு வைங்கக்கா, நான் வேணாங்கல. தின்னுட்டு அதுங்க எங்க போகும்? அதுக்கும் ஒரு இடம் வேணும்ல?"

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அதை நான் யோசிக்கலையேம்மா" என்றார். சண்டைக்குத் தயாராகப் போனவள், காப்பி குடித்துவிட்டு வந்தேன்.

துணி ஊறவைக்கிற பழைய பிளாஸ்டிக் டப் இரண்டு. கட்டட வேலையில் மிஞ்சிய மணலைச் சலித்து அரையடி உயரத்துக்கு நிரப்பினோம். ஒன்று அக்கா வீட்டுப் பக்கச் சந்தில், இன்னொன்று எங்கள் மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில். முதல் நாள் பையிலிருந்து எடுத்த அசிங்கத்தில் கொஞ்சத்தை அந்த மணலில் போட்டுவைத்தோம், வாசம் பிடித்து இடம் அறியட்டும் என்று. மூன்றாம் நாள் மணலில் குழி விழுந்தது. பை நிம்மதியாக இருந்தது.

தினமும் காலையில் கரண்டியால் அள்ளி, பொட்டலம் கட்டிக் குப்பையில் சேர்ப்பதுதான் வேலை. ஒருநாள் விட்டாலும் பூனை அழுக்கு மணலில் கால் வைக்காது, மறுபடி கீரைப் பைக்கு வந்துவிடும். அன்றன்றைக்கு அள்ளுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. டாக்ஸோபிளாஸ்மா வெளிவந்ததும் தொற்றாது. ஒரு நாளிலிருந்து ஐந்து நாள்வரை பக்குவப்பட்ட பிறகுதான் தொற்றும் நிலைக்கு வரும். அதற்குள் அள்ளிவிட்டால் அங்கேயே தீர்ந்தது.

அடுத்தது கருத்தடை. பெண் பூனை ஆறு மாதத்திற்குள்ளேயே சினைப்பட்டுவிடக்கூடும், சுமார் 63 நாளில் குட்டி போடும், ஆண்டுக்கு இரண்டு மூன்று ஈற்றுகூட. ஐந்து பூனைக்கு வைத்த டப் இருபதுக்குப் போதாது. கடுவனுக்குச் செய்தால் பீய்ச்சுவதும் இரவெல்லாம் கத்திச் சண்டை போடுவதும் பெரும்பாலும் அடங்கிவிடும். தெருநாய்களுக்காவது கருத்தடை விதிகளும் உள்ளாட்சித் திட்டங்களும் இருக்கின்றன. பூனைகளை அந்த அளவுக்கு யாரும் தேடி வருவதில்லை. நாம்தான் கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிப் போக வேண்டும். நானும் அக்காவும் ஆட்டோவில் மூன்றைக் கொண்டுபோய் முடித்துவிட்டோம். மிச்சம் இரண்டு, அவற்றில் கடுவன் இன்னும் கைக்குச் சிக்கவில்லை.

உங்கள் தெருவிலும் பூனைக்குச் சோறு வைப்பவர் ஒருவர் இருப்பார். நீங்களேகூட இருக்கலாம். அப்படியானால் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு டப் மணலையும் வைத்துவிடுங்கள். கீரை வளர்ப்பவரானால், பினாயில் பாட்டிலை எடுக்கும் முன் அந்த வீட்டுக் கதவை ஒருமுறை தட்டிப் பேசுங்கள்.