வெளிச்சத்தில் சிவக்கும் இலை

நர்சரியிலிருந்து கொண்டுவந்த பன்னிரண்டாம் நாள், என் குரோட்டன்ஸில் நுனியில் நாலைந்து இலைகள்தான் மிச்சமிருந்தன. மஞ்சள் நரம்போடி ஓரம் சிவந்த அகல இலை, 'பெட்ரா' என்கிற வகை. அந்த நிறத்துக்காகவே வாங்கி, ஹாலில் சோபாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். தினமும் காலையில் பெருக்கும்போது இரண்டு மூன்று இலைகள் துடைப்பத்தோடு வந்தன. வாடவில்லை, காயவில்லை, நல்ல நிறத்தோடேயே கழன்று கிடந்தன.

தொட்டியைத் தூக்கிக்கொண்டு நர்சரிக்கே போனேன். பதியம் கட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒன்றும் கேட்கவில்லை. கட்டைவிரல் நகத்தால் தண்டின் பட்டையை ஒரு நெல்லளவு சுரண்டினார். உள்ளே பச்சை, ஈரம். "உயிரு இருக்கும்மா. இடத்தை மாத்தினதுல கோவிச்சுக்கிட்டு இலையைக் கொட்டிடுச்சு. வெளிச்சத்துல வையி" என்றார்.

அந்தக் கோபத்தைத் தாவரவியல் இப்படி விளக்குகிறது. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் மெல்லிய செல் அடுக்கு ஒன்று உண்டு. இலை நன்றாக உழைக்கும்வரை ஆக்சின் என்கிற ஹார்மோன் அதிலிருந்து காம்பு வழியே இறங்கிக்கொண்டே இருக்கும். அந்த வரத்துதான் அடுக்கை உறுதியாக வைத்திருக்கிறது. வெளிச்சம் திடீரெனக் குறைந்தால் இலை தயாரிக்கும் சர்க்கரை அதன் சொந்தச் செலவுக்கே காணாது. ஆக்சின் குறைய, எத்திலீன் வாயுவின் கை ஓங்குகிறது. மாங்காயையும் வாழைத்தாரையும் பழுக்க வைக்கிற அதே எத்திலீன்தான். அடுக்கிலுள்ள செல்களை ஒட்டிவைத்திருக்கும் பசை கரைய, இலை கழல்கிறது. கழன்ற இடத்தைத் தக்கை போன்ற ஒரு தோல் மூடிக்கொள்கிறது. வரவு குறைந்ததும் செடி செலவைக் குறைத்துக்கொண்டது, அவ்வளவுதான். இந்த நேரத்தில் பதறிப்போய் நிறையத் தண்ணீர் ஊற்றுகிறோமே, அதில்தான் வேர் அழுகிச் செடி நிஜமாகவே சாகிறது.

வரவு எவ்வளவு குறைந்தது என்பது நம் கண்ணுக்குத் தெரியாது. உச்சி வெயிலில் திறந்த வெளியில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ் வெளிச்சம் இருக்கும். நிழல்வலை போட்ட நர்சரியில் அதில் பாதி இருந்தாலும் பல்லாயிரம் லக்ஸ். ஜன்னலைவிட்டுத் தள்ளி ஹாலின் நடுவில் சில நூறு லக்ஸ்தான் தேறும். இருட்டுக்கு ஏற்பக் கண்ணின் பாவை விரிந்து சமாளித்துவிடுவதால் 'நல்ல வெளிச்சமான ஹால்' என்கிறோம். இலைக்கு அப்படி விரிகிற பாவை கிடையாது.

இந்தச் செடிக்கு வெளிச்சம் சாப்பாடு மட்டுமில்லை, சாயமும் அதுவே. மாந்தளிரை நினைத்துப் பாருங்கள். செம்பு நிறத்தில் துளிர்த்து, முற்ற முற்றப் பச்சையாகும். குரோட்டன்ஸ் நேர் எதிர். பெட்ராவின் குருத்து பச்சையும் மஞ்சளுமாக விரிகிறது. வயதாக ஆக ஆரஞ்சு, சிவப்பு, கருஞ்சிவப்பு. ஒரே செடியில் நுனியிலிருந்து அடிவரை பார்த்தால் ஓர் இலையின் மொத்த ஆயுளும் படிப்படியாகத் தெரியும். பச்சையம், மஞ்சளும் ஆரஞ்சும் தரும் கரோட்டினாய்டுகள், சிவப்பு தரும் ஆந்தோசயனின் என்று மூன்று வகை நிறமிகளின் விளையாட்டு இது. முதலிரண்டும் செல்லுக்குள் கணிகங்களில் இருப்பவை. ஆந்தோசயனின் செல்லின் நடுவிலுள்ள நீர்ப்பையில் கரைந்திருக்கும். நல்ல வெளிச்சத்தில் முதிரும் இலையில் பச்சையம் குறைய, ஆந்தோசயனின் சேர்கிறது. இருட்டான மூலையில் வைத்தாலோ, கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் பிடிக்கச் செடி பச்சையத்தையே பெருக்கும். புது இலைகள் பச்சையாகவே நின்றுவிடும். 'வாங்கும்போது இருந்த கலர் போயிடுச்சு' என்ற புகாருக்கு உரக்கடையில் மருந்து தேடிப் பயனில்லை.

பெயரைப் பற்றியும் சொல்லவேண்டும், எனக்கு மிகப் பிடித்த பகுதி அது. கோலியஸ், டிராகேனா, அக்லோனிமா என்று இலையில் நிறம் காட்டும் எந்தச் செடியையும் நம் ஊரில் 'குரோட்டன்ஸ்' என்றே சொல்லிவிடுவோம். வேடிக்கை என்னவென்றால், தாவரவியல்படி நிஜக் குரோட்டன்ஸே குரோட்டன் இல்லை. இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளும் நியூகினியும் பசிபிக் தீவுகளும் இதன் தாய்மண். அம்போன் தீவில் டச்சுக் கிழக்கிந்திய நிறுவனத்தில் பணியாற்றிய ரம்பியஸ், மலாய் மக்கள் வழங்கிய பெயரை ஒட்டி இதைக் 'கோடியேயம்' என்று எழுதிவைத்தார். 1670இல் அவருக்குப் பார்வை போயிற்று. 1674 நிலநடுக்கத்தில் மனைவியையும் மகளையும் இழந்தார். 1687இல் தீ விபத்தில் படங்கள் எரிந்தன. அப்படியும் பிறர் கண்ணால் பார்த்து, தன் வாயால் சொல்லி எழுதவைத்து, அம்போன் தாவரங்களைப் பற்றிய பெருநூலை முடித்தார். அவர் 1702இல் இறந்தார். நூல் 1741இல்தான் அச்சேறத் தொடங்கியது. அத்தனை நிறமுள்ள இலைக்குப் பெயர் பதித்தவர் பார்வையிழந்த மனிதர் என்பதை என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை.

தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் இதைக் குரோட்டன் பேரினத்தில் சேர்த்தார். கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்கு உண்ணி என்று பொருள். விதைகள் மாட்டு உண்ணி போலிருப்பதால் வந்த பெயர். அந்தப் பேரினத்தின் நிஜ வாரிசு ஒன்று நம் சித்த மருந்துக்கடைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்: கடும் பேதிக்குப் பேர்போன நேர்வாளம். 19ஆம் நூற்றாண்டில் தாவரவியலாளர்கள் நம் செடியைப் பிரித்து, ரம்பியஸ் வைத்த பெயரையே திருப்பிக் கொடுத்தார்கள். அதற்குள் ஊர்வாயில் பழைய பெயர் ஊறிவிட்டது. 1860களில் ஜான் கூல்ட் வீச் பசிபிக் தீவுகளிலிருந்து புதுப்புது வகைகளை லண்டனில் இருந்த தன் குடும்ப நர்சரிக்குக் கொண்டுவந்தார். இங்கிலாந்துச் சீமான்களின் கண்ணாடி வீடுகளில் குரோட்டன்ஸ் மோகம் பரவியது.

நம் குரோட்டன்ஸ், நேர்வாளம் இரண்டுமே ஆமணக்கு, மரவள்ளி, ரப்பர் இவற்றின் குடும்பம்தான். அதனால் இலையைக் கிள்ளினால் கசியும் பால் தோலில் அரிப்பு உண்டாக்கலாம். வெட்டும்போது கையுறை போடுங்கள்; குழந்தையோ நாயோ பூனையோ கடிக்கிற உயரத்தில் தொட்டி வேண்டாம்.

இடம் என்றால் காலை வெயில் விழும் கிழக்கு ஜன்னல், அல்லது பால்கனி. நிழலில் இருந்த செடியை ஒரேயடியாக மாடி வெயிலுக்குத் தூக்கிப்போனால் இலை கருகும். இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தவேண்டும். விரலை ஒரு கணு விட்டுப் பார்த்து, மண் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். செம்மண், தேங்காய் நார்த்தூள், மண்புழு உரம் கலந்தால் போதும்; அடியில் ஓட்டை கட்டாயம். வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போனால் தாங்காது. ஊட்டி மார்கழியில் வெளியே விட்டுவைக்க முடியாத செடி இது. ஏ.சி. காற்று நேராக அடிக்கும் இடமும் ஆகாது. காற்று வறண்டால் சிலந்திப்பேன் வரும். இலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்புறத்தில் தூசி போலப் புள்ளிகளும் மெல்லிய நூலாம்படையும் இருக்கும். வாரம் ஒருமுறை இலையின் அடிப்புறத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினாலே பெரும்பாலும் அடங்கிவிடும்.

விதையில் முளைக்கும் கன்று தாயைப் போலவே இருக்காது. அதே வகை வேண்டுமானால் தண்டுதான் வழி. பென்சில் கனத் தண்டில் ஓர் அங்குலத்துக்கு வளையமாகப் பட்டையை உரித்து, ஈரமான நார்த்தூளை உருண்டையாக வைத்து, பாலித்தீன் தாளால் இறுக்கிக் கட்டுவதுதான் விண்பதியம். உரித்த இடத்துக்கு மேலே இலைகள் அனுப்பும் சர்க்கரையும் ஆக்சினும் கீழே இறங்க வழியின்றித் தேங்கி, அங்கேயே வேர் விட வைக்கின்றன. மழைக்காலத்தில் ஐந்தாறு வாரம் போதும்.

என் பெட்ரா இப்போது கிழக்கு ஜன்னலோரம் நிற்கிறது. மூன்று மாதத்தில் ஒன்பது புது இலைகள். மேலே ஐந்து இன்னும் பச்சையும் மஞ்சளும். கீழே நான்கில் நரம்போரம் சிவப்பு ஏறத் தொடங்கியிருக்கிறது. பெரியவர் நகத்தால் சுரண்டிய இடம் சாம்பல் நிறத்தில் ஒரு தழும்பாக ஆறியிருக்கிறது.