ஜூன் 17, மக்கா: ஒரு நாளின் வெப்பக் கணக்கு ஹாஜிகளுக்குச் சொல்வது என்ன?

2024 ஜூன் 17, திங்கட்கிழமை. மக்காவில் ஹிஜ்ரி 1445, துல்ஹஜ் பிறை 11. அன்று மஸ்ஜிதுல் ஹராம் பகுதியில் 51.8 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவானதாகச் சவூதி வானிலை மையம் அறிவித்தது. அந்த ஆண்டு ஹஜ்ஜில் 1,301 பேர் மரணித்ததாகச் சவூதி சுகாதார அமைச்சர் தெரிவித்தார். அவர்களில் 83 சதவீதத்தினர் முறையான அனுமதியின்றி வந்தவர்கள்; நிழலோ தங்குமிடமோ இல்லாமல் வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள்.

ஹஜ்ஜுக்குப் போன இடத்தில் மவுத்தாவது பாக்கியம் என்று நம் குடும்பங்களில் சொல்வார்கள். இஹ்ராமோடு இறந்தவர் மறுமையில் தல்பியா சொன்னவராக எழுப்பப்படுவார் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியது உண்மை. ஆனால் அது ஒட்டகத்திலிருந்து தவறி விழுந்து இறந்த ஒருவரைப் பற்றிச் சொன்னது. மரணத்தைத் தேடிப் போவதற்கான அனுமதி அதில் இல்லை. நம் கைகளாலேயே நம்மை அழிவில் போட்டுக்கொள்ளக் கூடாது என்பது அல்குர்ஆனின் கட்டளை. ஆகவே அந்த ஒரு நாளின் கணக்கைச் சற்று நிதானமாகப் படிப்போம்.

ஒரு நாளின் வானிலைப் பதிவில் முதலில் கண்ணில் படுவது உச்ச வெப்பம். மக்காவில் ஜூன் மாதத்தின் சராசரி உச்சம் 43 டிகிரியைத் தாண்டும். 51.8 என்பது அதைவிட ஏறக்குறைய 8 டிகிரி அதிகம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வானிலை நிலையங்களில் காற்றின் வெப்பத்தை நிழலில், காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள், தரைக்குச் சற்று மேலே வைத்து அளப்பதே முறை. நேர் வெயிலில், தார்ச்சாலையில் நடப்பவரின் உடல் தாங்க வேண்டிய சூடு அந்த எண்ணைவிட அதிகம். ஜூன் நடுவில் மக்காவில் நண்பகல் சூரியன் ஏறத்தாழ உச்சந்தலைக்கு நேராக நிற்கும். ஆளின் நிழல் காலடியிலேயே சுருங்கிவிடும். ஒதுங்க இயற்கையான நிழல் கிடைக்காத நேரம் அது.

அடுத்தது இரவின் குறைந்தபட்ச வெப்பம். மக்காவில் ஜூன் மாத இரவுகளில் சராசரியாக 28 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. பகலில் சூடேறிய உடல் இரவில் ஆற வேண்டும். குளிரூட்டிய கூடாரத்தில் உறங்கியவருக்கு அது கிடைக்கும். சாலையோரத்தில் படுத்தவர் முந்தைய நாளின் களைப்போடுதான் மறுநாள் வெயிலைச் சந்திப்பார்.

மூன்றாவது, நாட்காட்டி. வானிலைப் பதிவு சூரியக் கணக்கில் எழுதப்படுகிறது; ஹஜ் பிறைக் கணக்கில் வருகிறது. சந்திர ஆண்டு சுமார் 11 நாட்கள் குறைவு என்பதால், ஹஜ் ஏறத்தாழ 33 ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. 1991-லும் ஹஜ் ஜூன் மாதத்தில்தான் வந்தது. அன்று வாப்பா போன அதே பருவத்தில்தான் 2024-ல் மகன் போனார். ஆனால் இருவரும் கண்ட கோடை ஒன்றல்ல. மக்காவின் ஹஜ் கால வெப்பம் பத்தாண்டுக்குச் சுமார் 0.4 டிகிரி வீதம் உயர்ந்து வந்திருப்பதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். அப்படியானால் 33 ஆண்டுகளில் 1 டிகிரிக்கும் மேல் கூடியிருக்கிறது. "நாங்க அந்தக் காலத்துல வெயில்லயே நடந்தோம்" என்று பெரியவர்கள் சொல்வதை இன்றைய பயணத்துக்கு அளவுகோலாக வைக்க முடியாது.

அதே ஆய்வு இன்னொரு நல்ல செய்தியையும் சொல்கிறது. வெப்பம் கூடிய அந்தப் பத்தாண்டுகளில் ஹாஜிகளிடையே வெப்ப மயக்க நோய் சுமார் முக்கால் பங்கு குறைந்தது. மினாவின் குளிரூட்டிய கூடாரங்கள், நீர்த்தூவிகள், நிழல் கூரைகள், மருத்துவ முகாம்கள் ஆகியவை இதற்குக் காரணம். அரஃபாவில் நட்டு வளர்க்கப்பட்ட ஆயிரக்கணக்கான வேப்பமரங்களை ஹாஜிகள் பார்த்திருப்பார்கள். நம் ஊர்த் திண்ணைக்கு நிழல் தரும் அதே மரம்தான். ஆக, கோடை மட்டும் உயிரைப் பறிக்கவில்லை. நிழல் இல்லாமையும் பறித்தது. 2024-ல் இறந்தவர்களில் பெரும்பாலோர் அந்த ஏற்பாடுகளுக்கு வெளியே இருந்தவர்கள் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். குறைந்த செலவில் வேறு விசாவில் அழைத்துப் போகிறோம் என்று சொல்லும் முகவரிடம் பெற்றோரை ஒப்படைக்கும் முன் பிள்ளைகள் யோசிக்க வேண்டியது இதைத்தான்.

மார்க்கம் வெயிலை ஒருபோதும் அலட்சியப்படுத்தச் சொல்லவில்லை. ஒரு பயணத்தில் லுஹருக்கு பாங்கு சொல்ல முஅத்தின் எழுந்தபோது, சூடு தணியட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் தாமதிக்கச் சொன்னார்கள். மணல் மேடுகளின் நிழல் நீளும் வரை காத்திருந்ததாக அபூதர் (ரலி) அறிவிக்கிறார்கள். இறுதி ஹஜ்ஜில் நபியவர்கள் ஜம்ராவில் கல்லெறியும் வரை, உஸாமா (ரலி), பிலால் (ரலி) இருவரில் ஒருவர் ஒட்டகத்தின் கயிற்றைப் பிடித்திருக்க, மற்றவர் துணியை உயர்த்தி வெயில் படாமல் மறைத்தார்கள். இது முஸ்லிம் நூலில் உம்முல் ஹுஸைன் (ரலி) வழியாக வருகிறது. அந்த ஹஜ் நடந்தது கி.பி. 632 மார்ச் மாதத்தில். மார்ச் வெயிலுக்கே அல்லாஹ்வின் தூதர் நிழல் ஏற்றார்கள் என்றால், ஜூன் வெயிலில் குடையை மறுப்பது தக்வாவாகாது. இஹ்ராமில் தலையில் படாமல் குடை பிடிப்பது ஷாஃபிஈ, ஹனஃபி இரு மத்ஹபுகளிலும் ஆகுமானது.

பிறை 11 அன்று கல்லெறியும் நேரம் நண்பகல் சாய்ந்ததும் தொடங்குகிறது. வெயில் உச்சத்தில் இருக்கும் நேரமும் அதுதான். ஆனால் தொடங்கியவுடனேயே எறிய வேண்டும் என்பதில்லை. ஹனஃபி மத்ஹபில் மறுநாள் ஃபஜ்ர் வரை நேரம் உண்டு. இயலாதவர் இரவில் எறிவதில் குறையில்லை. ஷாஃபிஈ மத்ஹபில் தஷ்ரீக் நாட்கள் முடியும் வரை அவகாசம் இருக்கிறது. அறவே முடியாதவர் இன்னொருவரைப் பொறுப்பாக்கலாம். முஸ்தலிஃபாவிலிருந்து பலவீனமானவர்களை இரவிலேயே அனுப்பி வைத்ததும், கால்நடை மேய்ப்பவர்களுக்குக் கல்லெறிவதில் சலுகை தந்ததும் நபிவழிதான். சலுகையை ஏற்பவரின் ஹஜ் குறைந்த ஹஜ் அல்ல.

2026 முதல் ஹஜ் மே மாதத்துக்குள் நகர்கிறது. 2033 வாக்கில் மார்ச் தொடக்கத்தை, அதாவது இறுதி ஹஜ்ஜின் பருவத்தை நெருங்கும். ஆனாலும் மே மாத மக்காவின் சராசரி உச்சம் 42 டிகிரி. கோடை ஹஜ் முடிந்துவிட்டது என்று இப்போதே நிம்மதியடைய வேண்டாம்.

வீட்டில் செய்யக்கூடியவை சில உண்டு. சர்க்கரை, இரத்த அழுத்தம், இதயம் ஆகியவற்றுக்கு மாத்திரை எடுப்பவர்கள் புறப்படும் முன் மருத்துவரிடம் வெயிலைக் குறிப்பிட்டே கேளுங்கள். சில மாத்திரைகள் உடலின் நீரைக் குறைக்கும். தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். உடல் கொதிக்க, பேச்சு குழறினால், ஆள் தடுமாறினால் அது வெறும் களைப்பல்ல. உடனே நிழலுக்குக் கொண்டு போய், உடலை நனைத்து, விசிறியபடியே மருத்துவ உதவியை அழைக்க வேண்டும். நினைவில்லாதவரின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

உம்மா, வாப்பாவை ஹஜ்ஜுக்கு அனுப்பும் பிள்ளைகள் துஆவோடு ஒரு குடையையும் கொடுத்து அனுப்புங்கள். வெயில் தணிந்த பின் போவதும் ஹஜ்தான் என்று அவர்கள் மனதில் பதியும்படி சொல்லி அனுப்புங்கள். ஹாஜிகள் அனைவரையும் மப்ரூரான ஹஜ்ஜோடு நலமாக வீடு திரும்பச் செய்வானாக. ஆமீன்.