எட்டு விநாடியும் ஒரு சட்டகமும்

ரோடியோ என்பது அமெரிக்க மேற்கின் மாட்டுப்பண்ணைத் தொழில் காட்சியாக மாறிய விளையாட்டு. துள்ளும் காளை மீதோ குதிரை மீதோ எட்டு விநாடி விழாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான். அந்த எட்டு விநாடி அரங்கோடு கரைந்துபோக, மிஞ்சுவது புகைப்படம். அதை யார் வெட்டுகிறார், யார் பெயரிடுகிறார், யார் சொந்தம் கொண்டாடுகிறார்? தொழில்நுட்பக் கேள்விகள் போலத் தெரிந்தாலும் இவை அதிகாரம் பற்றிய கேள்விகள்.

முதலில் வெட்டுதல். சவாரிக்காரர் ஒரு கையால் மட்டுமே பிடிக்கலாம். மறு கை விலங்கின் மீது பட்டால் சவாரி செல்லாது. ஆக, காற்றில் உயர்ந்து நிற்கும் வெறுங்கை அழகுக்காக இல்லை, அது விதியின் சாட்சி. நூறு மதிப்பெண்ணில் ஐம்பது விலங்கின் துள்ளலுக்கு. துள்ளலைத் தூண்ட அதன் இடுப்பில் கட்டும் வாரைத்தான் விலங்குரிமைக்காரர்கள் எதிர்க்கிறார்கள். விழுந்தவரிடமிருந்து காளையைத் தன் பக்கம் இழுக்க ஓடிவரும் ஆட்களும் அங்கே உண்டு. படத்தை முகத்தோடு நெருக்கி வெட்டினால் கை, வார், ஆட்கள் எல்லாமே போய், தனியொருவனின் வீரம் மட்டும் நிற்கிறது. தனியாள் நாயகன் என்ற தொன்மம் இப்படியும் உற்பத்தியாகிறது. வெளிச்சத்தையும் நிறத்தையும் சரிசெய்யலாம், தப்பில்லை. சாட்சியை அழிப்பது வேறு சங்கதி.

அடுத்தது முன்வைத்தல். ஓடும் காளையின் கொம்பைப் பிடித்து முறுக்கி வீழ்த்தும் போட்டிக்கு மூலவர் என்று அறியப்படுபவர் பில் பிக்கெட் என்ற கறுப்பர், 1932இல் இறந்தார். அமெரிக்க அஞ்சல்துறை 1994இல் அவருக்குத் தபால்தலை வெளியிட முனைந்தபோது அச்சாகியிருந்தது அவருடைய சகோதரர் பென்னின் முகம். பழைய படம் ஒன்றின் கீழ் யாரோ தப்பாக எழுதிவைத்த பெயரை நம்பியதன் விளைவு. தலைகள் திரும்பப் பெறப்பட்டன, திருத்திய முகம் வந்தது. அப்புறம் பிழையான தாள்களில் 1,50,000ஐக் குலுக்கல் முறையில் விற்றார்கள். வரலாற்றின் விளிம்பில் நிறுத்தப்பட்டவருக்கு இடம் தரும்போதும் முகம் மாறிவிடுகிறது. அந்தப் பிழைக்கும் சந்தை இருக்கிறது.

கடைசியாகப் பாதுகாத்தல். மார்ல்பரோ சிகரெட் விளம்பரத்துக்காக மற்றவர்கள் எடுத்த கௌபாய் படங்களை ரிச்சர்ட் பிரின்ஸ் திரும்பப் படமெடுத்துத் தன் கலையாக முன்வைத்தார். அவற்றில் ஒன்று 2005இல் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 12 லட்சம் டாலருக்கு மேல் போனது. ஆசிரியன் இறந்துவிட்டான் என்று நாம் கோட்பாடு பேசலாம். ஏல அறையில் ஒரு ஆசிரியன் செத்து இன்னொருவன் பிறக்கிறான், காசு பிறந்தவனுக்கு.

அமெரிக்கச் சட்டப்படி படம் பதிவான கணமே காப்புரிமை பிறக்கிறது. ஆனால் முறையாகப் பதிவுசெய்யாமல் அங்கே எடுக்கப்பட்ட படத்துக்கு வழக்குப் போட முடியாது. வெளியான மூன்று மாதத்துக்குள்ளோ, திருட்டு நடப்பதற்கு முன்போ பதிவு செய்தால்தான் சட்டம் நிர்ணயித்த இழப்பீட்டைக் கேட்கலாம்: படைப்பு ஒன்றுக்கு 750 முதல் 30,000 டாலர், வேண்டுமென்றே திருடியிருந்தால் 1,50,000 வரை. ஒரே விண்ணப்பத்தில் 750 படங்கள் வரை சேர்க்கலாம். படத்தோடு இணைந்த உரிமைத் தகவலைத் திருட்டை மறைப்பதற்காக நீக்குவதையும் 1998ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

இவ்வளவும் படமெடுத்தவரைக் காக்கிறது, சரி. விழுந்து எலும்பு முறிந்தவரின் பெயரை யார் காப்பது? வெட்டாத மூலத்தை வைத்திருப்பதும், சவாரிக்காரர், விலங்கு, ஊர், நாள் ஆகியவற்றைச் சரிபார்த்துக் கோப்பிலேயே எழுதிவைப்பதும் எந்தச் சட்டமும் வற்புறுத்தாத வேலை. பென்னின் முகத்தின் மேல் பில்லின் பெயர் ஏறியது அந்த வேலையை யாரும் செய்யாததால்தான்.