எந்த ஊர், எந்தத் தேதி? – குற்றவியல் வகுப்பிலிருந்து ஒரு காரைக்கால் குறிப்பு

போன வருஷம் சட்டக் கல்லூரியில் குற்றவியல் சட்டம் படித்தேன். எங்கள் பேட்ச் இரண்டு சட்டத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்ட பேட்ச். முதல் நாளே இரண்டு புத்தகம் வாங்கச் சொன்னார்கள். ஒன்று 1860-ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டம். இன்னொன்று 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா. "பழசுதான் போயிடுச்சே மேடம், ரெண்டையும் ஏன் படிக்கணும்?"னு பின் பெஞ்சிலிருந்து ஒருத்தன் கேட்டான். "எங்கப்பா போச்சு? நீ வக்கீலாகிப் பத்து வருஷம் கழிச்சும் பழசை வச்சு வாதாடிக்கிட்டுதான் இருப்பே" என்றார் மேடம்.

அன்றைக்கு அது எனக்குப் புரியவில்லை. புரிந்தபோது கோபம்தான் வந்தது. அந்தக் கோபம் ஏன் வந்தது, எப்படிக் குறைந்தது (முழுசாகப் போகவில்லை) என்று எழுதி வைக்கத்தான் இந்தக் குறிப்பு. சட்டம் படிக்காதவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஊர்

வகுப்பில் சேரும்வரை குற்றம் என்றால் "யார் செய்தது?" என்பதுதான் முதல் கேள்வி என்று நினைத்திருந்தேன். சினிமாவில் அப்படித்தானே காட்டுகிறார்கள். மேடம் எந்த வழக்கை எடுத்தாலும் முதலில் இரண்டே கேள்விதான் கேட்பார்: எங்கே நடந்தது, எப்போது நடந்தது.

"எங்கே" என்பது காரைக்கால்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டிய விஷயம் இல்லை. புதுச்சேரியிலிருந்து வீட்டுக்குப் பஸ் ஏறினால் முள்ளோடை தாண்டியதும் தமிழ்நாடு. கடலூர், சிதம்பரம், சீர்காழி, பொறையாறு எல்லாம் தாண்டி நண்டலாற்றுப் பாலம் வந்தால் மறுபடி புதுச்சேரி யூனியன் பிரதேசம். தெற்கே போனால் வாஞ்சூரோடு எங்கள் எல்லை முடிந்துவிடும். வாஞ்சூர் கடையில் காசு கொடுத்து வாங்கிய பாட்டில் அந்தப் பக்கம் இருக்கும்வரை குற்றமில்லை. அதே பாட்டிலை அனுமதியில்லாமல் நாகூர்ப் பக்கம் கொண்டுபோனால் 1937-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் பிடித்துக்கொள்ளும். ஆளும் பாட்டிலும் அதேதான், ஊர் மட்டும்தான் வேறு.

சரி, ஓடுகிற பஸ்ஸில் ஒருவருடைய பை திருடு போகிறது. சிதம்பரத்திலா சீர்காழியிலா என்று தெரியவில்லை. எந்த ஊர் கோர்ட்? பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 183-ஆவது பிரிவு இதற்கென்றே இருந்தது. இப்போதைய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் அது 203. பயணத்தின் வழியில் அந்த ஆளோ பொருளோ கடந்துபோன எந்தப் பகுதியின் நீதிமன்றமும் விசாரிக்கலாம். புகாரையும் எந்த ஸ்டேஷனில் வேண்டுமானாலும் கொடுக்கலாம். "எங்க லிமிட் இல்ல" என்று திருப்பி அனுப்பக் கூடாது என்பதற்காகத்தான் புதுச் சட்டத்தின் 173-ஆவது பிரிவில் ஜீரோ எஃப்.ஐ.ஆர். முறையை எழுத்திலேயே கொண்டுவந்திருக்கிறார்கள்.

இதெல்லாம் எளிதாகவே மண்டையில் ஏறியது. சிக்கல் தேதியில்தான்.

அடிக்குறிப்பில் எங்கள் ஊர்

பேர் ஆக்ட் என்று சொல்வோமே, விளக்கவுரை எதுவும் இல்லாத வெறும் சட்டப் புத்தகம். தண்டனைச் சட்டத்தின் பேர் ஆக்டில் முதல் பக்கங்களில் பொடி எழுத்தில் அடிக்குறிப்புகள் இருக்கும். யாரும் படிப்பதில்லை. ஒருநாள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தபோது அதில் எங்கள் பிரதேசம் இருந்தது: 1963-ஆம் ஆண்டின் 7-ஆம் ஒழுங்குமுறை, 1-10-1963 முதல்.

காரைக்காலில் பிரெஞ்சு ஆட்சி 1739-இல் தொடங்கியது. 1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான கைமாற்றம் 1962 ஆகஸ்ட் 16-இல். ஆனால் இந்திய தண்டனைச் சட்டம் வந்தது 1963 அக்டோபர் 1-ஆம் தேதிதான். அதாவது கொடி மாறிக் கிட்டத்தட்ட ஒன்பது வருஷம், இந்த ஊரில் ஒருவன் திருடினால் அது பிரெஞ்சு தண்டனைச் சட்டப்படிதான் திருட்டு. பக்கத்து நாகப்பட்டினத்தில் 379-ஆவது பிரிவு. இங்கே அப்படி ஒரு நம்பரே கிடையாது. பிரெஞ்சு முறையில் குற்றங்களைக் கனம் பார்த்து மூன்று வகையாகப் பிரித்திருந்தார்கள்: பெருங்குற்றம், நடுத்தரக் குற்றம், சில்லறை மீறல். பெரிய வழக்குகளைப் புலனாய்வு நீதிபதி என்று ஒருவரே முன்னின்று விசாரிப்பார்.

தாத்தாவிடம் கேட்டேன், அப்போ எப்படி இருந்துச்சுன்னு. "எங்களுக்கு என்னம்மா தெரியும். போலீஸ்காரன் தலையில செவப்புத் தொப்பி அப்படியேதான் இருந்துச்சு. உள்ளுக்குள்ள சட்டம் மாறுனது யாருக்குத் தெரியும்?" என்றார்.

இங்கே ஒரு கேள்வி வரும். 1963 செப்டம்பர் 30 ராத்திரி ஒருவன் திருடினான், அக்டோபர் 2 பிடிபட்டான். எந்தச் சட்டம்? பழைய சட்டம்தான். பழைய சட்டத்தின் கீழ் நேர்ந்த குற்றத்துக்கான தண்டனை அப்படியே நிற்கும் என்று அந்த ஒழுங்குமுறையிலேயே ஒரு காப்பு வாசகம் உண்டு. சட்டம் செத்தாலும், அது உயிரோடு இருந்தபோது நடந்தவற்றுக்கு அதுதான் பொறுப்பு. மேடம் முதல் நாள் சொன்ன பதிலின் அர்த்தம் இதுதான்.

81 நாள்

இதுவரை கோபத்துக்கு இடமில்லை. அது பாலியல் குற்றங்களும் உடல் சார்ந்த குற்றங்களும் நடத்திய வாரத்தில் வந்தது.

2012 நவம்பர் 14. தீபாவளிக்கு மறுநாள். சென்னையில் வேலை பார்த்த 23 வயதுப் பொறியாளர் ஒருவர், பண்டிகைக்கு வந்துவிட்டு அப்பாவோடு ஊருக்குத் திரும்பும்போது, காரைக்காலில் வைத்து அவர் முகத்தில் ஆசிட் வீசப்பட்டது. ஒருதலையாய்க் காதலித்தவன், மறுக்கப்பட்டதற்காகச் செய்தது. அந்தப் பெண்ணின் பெயர் தமிழ்நாடு முழுக்கத் தெரியும். நான் இங்கே எழுதவில்லை. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. அடுத்த ஒரு மாசம் ட்யூஷனுக்கு அம்மா என்னைக் கையைப் பிடித்துக்கொண்டுதான் கூட்டிப்போனார். ஏன் என்று கேட்டால் பதில் சொல்லமாட்டார். நான் சட்டம் படிக்க வந்ததற்கு அந்த ஒரு மாசமும் ஒரு காரணம்.

வகுப்பில் மேடம் இந்த வழக்கை எடுத்து "எந்தப் பிரிவு?" என்று கேட்டார். நான் எழுந்து "326-ஏ மேடம். குறைந்தது 10 வருஷம், அதிகபட்சம் ஆயுள், அபராதம் பாதிக்கப்பட்டவருக்கே போகணும்" என்று ஒப்பித்தேன். ஊர் வழக்கு, தப்பு வருமா?

"தேதி?" என்றார்.

326-ஏ சட்டத்துக்குள் வந்தது 2013 பிப்ரவரி 3-ஆம் தேதி. டெல்லி சம்பவத்துக்குப் பிறகு நீதிபதி ஜே.எஸ்.வர்மா குழு அறிக்கை கொடுத்து, அவசரச் சட்டமாக வந்தது. எங்கள் ஊரில் ஆசிட் வீசியது நவம்பர் 14. நடுவில் 81 நாள். அரசியலமைப்பின் 20(1)-ஆவது பிரிவு சொல்கிறது: செயல் நடந்தபோது நடைமுறையில் இருந்த சட்டத்தை மீறியதற்காக மட்டுமே ஒருவரைத் தண்டிக்கலாம், அன்றைக்கு இருந்த தண்டனையைவிடக் கூடுதலாகவும் கொடுக்க முடியாது.

ஒரு தோழி விடவில்லை. "அவங்க இறந்தது பிப்ரவரி 12-ஆம் தேதி மேடம். புதுச் சட்டம் வந்து ஒன்பது நாள் ஆச்சே?" நல்ல கேள்வி. ஆனால் கணக்கில் வருவது விளைவு முடிந்த நாள் அல்ல, செயல் நடந்த நாள். ஆசிட் ஒரே ஒரு தடவைதான் வீசப்பட்டது.

அதற்காகப் பழைய சட்டம் கையை விரித்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அரிக்கும் பொருளால் கொடுங்காயம் ஏற்படுத்தினால் பழைய 326-இலேயே ஆயுள்வரை கொடுக்கலாம். குறைந்தபட்சத் தண்டனைதான் இல்லை. இறந்துவிட்டதால் வழக்கு கொலை, 302. 2013 ஆகஸ்டில் காரைக்கால் நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது. ஆக, தண்டனை கிடைக்காமல் போகவில்லை. ஆனால் அவர் பிழைத்திருந்தால்? சிகிச்சைச் செலவுக்கு அபராதத் தொகை அவருக்கே என்று எழுதிய சட்டம், அவருக்கு மட்டும் பொருந்தாது. அன்று முழுக்க எனக்கு மனசு ஆறவில்லை. வீசியவனுக்குப் போய் அரசியலமைப்பு எதற்குக் காவல் நிற்கிறது என்றுதான் தோன்றியது.

கிளிஞ்சல்மேட்டில்

அந்த லீவில் பிளஸ் டூ தோழி ஒருத்தி வீட்டுக்குப் போனேன். கிளிஞ்சல்மேடு, மீன்பிடிக் குடும்பம். இலங்கை எல்லைக் கோடு என்பது அங்கே தினப் பேச்சு. 1974, 1976 ஒப்பந்தங்களில் வரைந்த கோடு அது. தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது. கோட்டைத் தாண்டியதாகப் பிடிபட்டால் இலங்கையின் 1979-ஆம் ஆண்டு வெளிநாட்டு மீன்பிடிப் படகுச் சட்டம். 2018-இல் அதைத் திருத்தி அபராதத்தைப் பல மடங்கு உயர்த்தினார்கள்.

தோழியின் அப்பா வலை பிரித்துக்கொண்டே கேட்டார்: "ஏம்மா, வக்கீலுக்குப் படிக்கிறியாமே. ஒருத்தன் பிடிபட்டு உள்ள இருக்கான். கேஸு வர்றதுக்குள்ள அபராதத்த ஏத்திப்புட்டான்னு வையி. எதைக் கட்டணும்? பழசா, புதுசா?"

யோசிக்கவே இல்லை. "பழசுதான் மாமா. போட்டு போன அன்னைக்கு என்ன சட்டமோ அதுதான். அவங்க அரசியலமைப்புலயும் இருக்கு, 13-ஆவது பிரிவுல" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கே சுருக்கென்றது. ஒரு வாரமாக எதன் மேல் கோபமாக இருந்தேனோ, அதைத்தான் இவருக்கு ஆறுதலாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இலங்கை அரசியலமைப்பின் 13(6) நம்முடைய 20(1)-ஐப் போலத்தான். செய்தபோது குற்றமில்லாததைப் பின்னால் குற்றமாக்க முடியாது. அன்றைக்கு இருந்ததைவிடக் கடுமையான தண்டனையும் விதிக்க முடியாது. அங்கே ஒரு மீனவனுக்கு அது வேண்டுமென்றால், இங்கே ஆசிட் வீசியவனுக்கு மட்டும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வழியில்லை. இவன் கெட்டவன், இவனுக்கு மட்டும் பின்தேதியிட்டுச் சட்டம் போடலாம் என்று ஒரு அரசாங்கத்துக்கு அனுமதி கொடுத்தால், அடுத்த தடவை யார் கெட்டவன் என்பதையும் அந்த அரசாங்கம்தான் முடிவு செய்யும்.

திரும்பி வந்து பழைய பிரெஞ்சு தண்டனைச் சட்டத்தைத் தேடிப் பார்த்தேன். 1810-ஆம் ஆண்டுச் சட்டம். அதன் 4-ஆவது பிரிவே இதுதான்: செயலுக்கு முன்பே சட்டம் அறிவிக்காத தண்டனையை எந்தக் குற்றத்துக்கும் கொடுக்கக் கூடாது. பிரெஞ்சு சட்டம் போய், ஐபிசி வந்து, அதுவும் போய், சன்ஹிதா வந்திருக்கிறது. இந்த ஊருக்கு மூன்று சட்டம் வந்துவிட்டது. மூன்றின் காலத்திலும் மாறாமல் இருந்த விதி இது ஒன்று.

இப்போது வழக்கு பார்ப்பவர்களுக்கு

2024 ஜூன் 30 வரை நடந்த குற்றம் என்றால் ஐபிசி. ஜூலை 1 முதல் நடந்தது என்றால் நியாய சன்ஹிதா. பழைய குற்றத்துக்கு இன்று புகார் கொடுத்தாலும் பிரிவு ஐபிசி பிரிவுதான். விசாரணை நடைமுறை மட்டும் புதுச் சட்டப்படி போகும். "இவ்வளவுதான் தண்டனை" என்பது குற்றவாளியின் உரிமை, "இந்த முறையில்தான் விசாரிக்க வேண்டும்" என்பது அப்படி உரிமை இல்லை என்பதால் இந்த வித்தியாசம்.

நம்பர்களை மனப்பாடம் செய்தவர்கள் பாவம். கொலை 302 இப்போது 103. சீட்டிங் 420 இப்போது 318(4). ஆசிட் வீச்சு 124. இன்று 302 என்றால் மத உணர்வைப் புண்படுத்தும் சொல். 304 என்றால் வழிப்பறி போல் பிடுங்கிக்கொண்டு ஓடுவது. பேப்பரில் ஒரு பிரிவு எண்ணைப் பார்த்தால் முதலில் சம்பவத் தேதியைப் பாருங்கள்.

செமஸ்டர் முடிந்து வந்ததும் அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அந்த வழக்கில் ஏன் புதுப் பிரிவு வரவில்லை, ஏன் வரக் கூடாது என்பதையும். 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஆசிட் விற்பனைக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்ததையும், இன்று எந்த மருத்துவமனையானாலும் பாதிக்கப்பட்டவருக்கு உடனே இலவச சிகிச்சை தர வேண்டும் என்று சட்டம் இருப்பதையும் சொன்னேன். அம்மா முழுசும் கேட்டார். "எல்லாம் சரிதான். இனிமே வர்றவங்களுக்கு. அந்தப் பொண்ணுக்கு?" என்றார்.

அதற்கு என்னிடம் பிரிவு எண் எதுவும் இல்லை.