செட்டில்மென்ட் பேப்பரில் கையெழுத்துப் போடும் முன்...

அரபு நாட்டில் கணவரோ, பிள்ளையோ வேலை பார்க்கும் வீட்டில், 'செட்டில்மென்ட்' என்ற வார்த்தையைச் சொல்லாத நாளே இருக்காது. மகள் கல்யாணம், அடகில் கிடக்கும் நகை, பாதியில் நிற்கும் மாடி என எல்லாவற்றையும், 'அவர் செட்டில்மென்ட் வாங்கிட்டு வரட்டும்' என்று தள்ளிப் போடுவோம். ஆனால், அது எவ்வளவு வரும் என்று கேட்டால், 'கம்பெனி கொடுக்கறது தானே' என்போம். கம்பெனி மனசு வைத்துக் கொடுக்கும் பணமல்ல தோழிகளே... சட்டம் போட்டுத் தந்திருக்கும் கணக்கு!

என் கணவர், ஷார்ஜாவில் ஒரு கம்பெனியில், 12 வருடம் 9 மாதம் வெல்டராக இருந்துவிட்டு, ராஜினாமா செய்தார். மாதச் சம்பளம், 2,000 திர்ஹாம். அதில் பேசிக், 1,200 தான்; மீதி, ரூம், சாப்பாடு அலவன்ஸ்.

எங்கள் தெருவில் வாய்க்கணக்குப் போடுபவர்களுக்குக் குறைச்சலே இல்லை. 'வருஷத்துக்கு ஒரு மாச சம்பளம். 25,000 திர்ஹாம் நிச்சயம்' என்றார் ஒருவர். 'தானா வேலையை விட்டா பாதி கூட தர மாட்டான்' என்றார் மற்றவர். இரண்டும் தப்பு. அலவன்ஸ் கணக்கில் சேராது. கடைசியாக வாங்கிய பேசிக் மட்டும் தான். தானாக விலகினால் பங்கைக் குறைப்பது, 1980ம் ஆண்டின் பழைய சட்டம். 2022 பிப்ரவரி முதல் ஐக்கிய அரபு எமிரேட்ஸில் நடப்பில் உள்ள புதிய சட்டத்தில், அது இல்லை.

கணக்கு இது தான்: ஒரு வருடமாவது வேலை பார்த்திருக்க வேண்டும். முதல் 5 வருடத்துக்கு, வருடத்துக்கு 21 நாள் பேசிக். அதற்கு மேல் ஒவ்வொரு வருடத்துக்கும், 30 நாள் பேசிக். மிச்ச மாதங்களுக்கும் விகிதப்படி உண்டு. மொத்தத்தில், இரண்டு வருடச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. சம்பளமில்லா லீவு நாட்கள், சர்வீசில் கழிந்து விடும்.

மாமியார் படுக்கையில் விழுந்த போது, இவர், 3 மாதம் சம்பளமில்லாமல் ஊரில் இருந்தார். அதைக் கழித்தால், பன்னிரண்டரை வருடம். 1,200ஐ 30ஆல் வகுத்தால், ஒரு நாளுக்கு, 40 திர்ஹாம். 21 நாளுக்கு, 840. ஐந்து வருடத்துக்கு, 4,200. மீதி ஏழரை வருடத்துக்கு, 9,000. ஆக, 13,200 திர்ஹாம். மகளின் பழைய கணக்கு நோட்டில் போட்டு வைத்திருந்தேன்.

கம்பெனி கொடுத்த பேப்பரை, இவர் போனில் படம் எடுத்து அனுப்பினார். அதில், 10,500! கூட்டிக் கழித்துப் பார்த்தால், பன்னிரண்டரை வருடத்துக்கும், 21 நாளே போட்டிருந்தார்கள். 2,700 திர்ஹாம் குறைவு. நம் பணத்தில், அரை லட்சத்துக்கும் மேல்!

'விடும்மா, டிக்கெட் போட்டாச்சு. கடைசி நேரத்துல எதுக்கு வம்பு?' என்றார்.

'சண்டை போட வேணாங்க. இந்தக் கணக்கைக் காட்டி, ஏன் இப்படின்னு மட்டும் கேளுங்க. அது வரைக்கும் கையெழுத்துப் போடாதீங்க' என்று, நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினேன்.

மூன்றாம் நாள், வேறு பேப்பர் வந்தது, 13,200. போடாமல் மிச்சமிருந்த லீவுக்கான பணம், அதற்கு மேல் தனியாக. ஒருவரும் மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லை. பணம் வந்ததே போதும் என்று இருந்து விட்டோம்.

வேலை முடிந்து 14 நாளுக்குள் பாக்கி முழுவதையும் கொடுத்துவிட வேண்டும் என்பதும் சட்டம். தராவிட்டால், அந்நாட்டு மனிதவள அமைச்சகத்தில் புகார் கொடுக்கலாம். 50,000 திர்ஹாம் வரையுள்ள வழக்குகளை, 2024 முதல் அமைச்சகமே தீர்த்து வைக்கிறது.

ஆனால், இதே கணக்கை மற்ற நாட்டுக்குப் போட்டு விடாதீர்கள். என் கொழுந்தன், சவுதி தம்மாமில், 3,000 ரியால் சம்பளத்தில் இருக்கிறான். அங்கே, முதல் 5 வருடத்துக்கு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். பிறகு, ஒரு மாதம். ஆனால், தானாக விலகினால், 2 வருடத்துக்குள் ஒன்றும் கிடையாது. 5 வருடம் வரை, மூன்றில் ஒரு பங்கு. 5 வருடம் தாண்டினால், மூன்றில் இரண்டு பங்கு. 10 வருடமானால் தான் முழுசாக.

அவனுக்கு, 4 வருடம் 9 மாதம் ஆகிறது. 'அண்ணி, இந்த மாசமே எழுதிக் கொடுத்துட்டு வந்துடறேன்' என்றான். இப்போது எழுதினால், 2,375 ரியால். ஐந்தைத் தாண்டி எழுதினால், 5,000க்குக் குறையாது என்று கணக்குப் போட்டுச் சொன்னேன். மூன்று மாதம் பல்லைக் கடித்துக் கொண்டு இருப்பதாகச் சொல்லி இருக்கிறான்.

- ஒரு வாசகி, தேவகோட்டை.